ஆக்கமும் நீக்கமும்

ஒழுக்கமாவது குறைத்தலே என்று எண்ணுதல் நம்மவரிடைப் பழகிப்போன ஒரு கருத்து. பேச்சைக் குறைத்தவனையும் உறக்கத்தைக் குறைத்தவனையும் உணவைக் குறைத்தவனையும் உயர்ந்தோனென மதிக்கின்றோம். உடம்பின்கண் மிகுந்த கொழுப்பை நீக்க விரும்புவோன் இக்கருத்தையே கைக்கொண்டு உணவை ஒறுக்கின்றான். வலிமை வேண்டுவோனோ இதற்கு மறுதலையாக மிகுதியும் உண்கின்றான். கொழுப்பை இழத்தலும் தசையைப் பெறுதலும் ஒரே காலத்திற் கூடுமோ, அன்றி முன்னர் ஒன்றும் பின்னர் ஒன்றுமாகவே நிகழற்பாலனவோ என்னும் வினா உடற்பயிற்சி செய்வாரிடையே பெரிதும் எழுகின்றது. குறைத்தல் மாத்திரம் ஒழுக்கமாகுமோ என்னும் அறவினாவும் இதனுள் அடங்கியிருத்தலின், ஆசிரியராகிய நாம் இதனை ஆராய்தல் தகும்.

முதற்கண், உலகவழக்கில் நிலவும் ஒரு பிழைக்கருத்தை விலக்குதல் வேண்டும். பயிற்சி செய்தாற் கொழுப்பே தசையாகத் திரியும் என்பாரும், பயிற்சியை விட்டால் தசையே கொழுப்பாகும் என்பாரும் உளர். அது பொருந்தாது. கொழுப்பானது காபன், ஐதரசன், ஒட்சிசன் என்னும் மூலகங்களால் ஆயது. தசையின் புரதத்திற்கோ இவற்றோடு நைதரசனும் வேண்டும். கொழுப்பில் இல்லாத நைதரசன் கொழுப்பிலிருந்து பிறவாது. ஆகவே பயிற்சி செய்வானிடத்து ஒன்று செலவாகின்றது. மற்றொன்று புதிதாய் ஆக்கப்படுகின்றது. இரண்டும் வெவ்வேறு கணக்கின.

வெவ்வேறு கணக்கினவாதலினாலேயே அவை ஒருங்கு நிகழ்தலும் கூடும். தசை நாடோறும் ஒரு பகுதி சிதைந்தும் ஒரு பகுதி புதிதாய் அமைந்தும் வருவது. சுமையை எதிர்த்துத் தொழிற்படுங்கால், ஆங்கு வலிமை வேண்டும் என்னும் குறிப்பு அத்தசைக்குக் கிடைக்கின்றது. உண்ட புரதம் கட்டுதற்குரிய பொருளைத் தருகின்றது. உடம்பிற்கு வேண்டும் சக்தியில் உணவு தாராத பங்கைச் சேமித்து வைத்த கொழுப்பு ஈடுசெய்கின்றது. ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி அடங்கியுள்ளது. இத்துணைச் சேமிப்பு உள்ளிடத்து, வெளியிலிருந்து வரும் உணவு சிறிது குறையினும், தொழிலும் புரதமும் குறையாவாயின் தசை வளர்தல் தடைப்படாது.

இதற்குச் சான்று வேண்டுவார்க்குக் கனடா நாட்டு மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தார் நடாத்தி 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையொன்றைக் காட்டுதும். நிறை மிகுந்த இளைஞர் நாற்பதின்மர் நான்கு வாரம் கடும் பயிற்சி செய்தனர். அவர்க்கு வேண்டிய சக்தியில் நூற்றுக்கு 40 பங்கு உணவிற் குறைக்கப்பட்டது. ஒரு சாரார்க்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமிற்கும் நாளொன்றுக்கு 1.2 கிராம் புரதமும், மற்றைச் சாரார்க்கு 2.4 கிராம் புரதமும் கொடுக்கப்பட்டன. மிகுந்த புரதம் பெற்றோர் சராசரியாக 4.8 கிலோகிராம் கொழுப்பை இழந்து, கொழுப்பல்லாத உடற்பகுதியில் 1.2 கிலோகிராம் பெற்றனர். மற்றையோர் 3.5 கிலோகிராம் கொழுப்பை இழந்தனரேனும் உள்ள தசையைக் காத்தனரேயன்றி, பெரிதும் புதிதாய்ப் பெற்றிலர். எனவே ஆக்கமும் நீக்கமும் ஒருங்கு நிகழும் என்பதும், அதற்குப் பயிற்சியும் தக்க உணவும் ஆகிய இரண்டும் வேண்டும் என்பதும் பெறப்பட்டன.

இனி, தொழிலின்றி உணவை மாத்திரம் ஒறுத்தவனுக்கு நிகழ்வது யாது? அவன் இழக்கும் நிறையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கொழுப்பல்லாத பகுதியிலிருந்து கழிகின்றது. பின்னர்ப் பசி தாங்காது பழைய உணவிற்கு மீள்வானாயின், இழந்த கொழுப்பு எளிதில் மீளும். இழந்த தசை உழைப்பின்றி மீளாது. விரதங்காத்தலை யாம் இங்குக் குறைகூறினோமல்லேம். விரதத்தின் நோக்கம் மெலிதலன்று. மெலிதலையே நோக்கமாகக் கொண்டு பட்டினி கிடப்பார்க்கே இது கூறப்பட்டது. குற்றத்தைப் போக்கப் புகுந்து குணத்தையும் உடன் போக்குதல் அறிவுடைமையாகாது.

ஈண்டு நிறுவைப் பொறியின் தீர்ப்பைப் பற்றியும் ஒன்று சொல்லற்பாலது. நிறையைக் கிலோகிராமிற் கொண்டு, மீற்றரிற் கொண்ட உயரத்தின் வர்க்கத்தாற் பிரிக்க வரும் ஈவு உடற்றிணிவுச் சுட்டி எனப்படும். 2004ஆம் ஆண்டில் லான்செற் என்னும் மருத்துவ இதழில், புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக் அவர்களும் இலண்டன் மருத்துவர் யட்கின் அவர்களும் தம் படத்தையே வெளியிட்டு ஓர் உண்மையை விளக்கினர். இருவர்க்கும் உடற்றிணிவுச் சுட்டி 22.3 என ஒன்றாகவே இருந்தது. ஆயின் யட்கின் உடம்பிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக் உடம்பில் நூற்றுக்கு 21.2 பங்கு. தோற்றத்தால் மெலிந்தும் அகத்தே கொழுப்பு மிகுந்தும் இருத்தல் தென்னாசிய மக்களிடைப் பெரிதும் காணப்படுவது. நிறுவைப் பொறி கூட்டுத்தொகையை மாத்திரம் காட்டும்; தசை எத்துணை, கொழுப்பு எத்துணை எனக் காட்டாது. ஆதலின் இரண்டு கிலோகிராம் கொழுப்பை இழந்து இரண்டு கிலோகிராம் தசையைப் பெற்றவனுக்கு அது யாதொரு மாற்றத்தையும் காட்டாது. முயற்சி வீணாயிற்றென அவன் மனந்தளர்வது இதனாலேயே. அவன் இடுப்பின் சுற்றளவையும், தான் தூக்கவல்ல சுமையையும் அளந்து பார்ப்பானாக.

திருகோணமலை உட்டுறைமுகத்தை அடுத்த ஓர்ஸ் ஹில் பகுதியில் வாழும் எம்போன்றார்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் பொருளன்று. 1957ஆம் ஆண்டிற் பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் செல்லுங்காறும் ஆங்குத் தொழில்செய்தோர் பலர் கையாலும் தோளாலும் உழைத்தனர். அவர்தம் பேரர் பலர் மேசையருகே அமர்ந்து தொழில் செய்கின்றனர். மேட்டுத் தெருவில் நடந்து சென்றோரின் மக்கள் மோட்டார் சைக்கிளிற் செல்கின்றனர். உழைப்பு நீங்கியும் உழைப்பாளிக்கு இட்ட சோற்றின் அளவு நீங்கவில்லை. 2005, 2006ஆம் ஆண்டுகளில் வடக்கும் கிழக்கும் போரினால் விடுபட ஏனைய மாகாணங்களிற் செய்த ஆய்விலேயே, வயதுவந்தோரிற் பத்தில் ஒருவர்க்கு நீரிழிவும், ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ காணப்பட்டது. தசையானது இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஏற்றுக்கொள்ளும் பெரிய இடமாதலின், தசை குறைந்தவன் அந்நோய்க்கு எளிதில் ஆட்படுகின்றான்.

இதில் நீதி பற்றியதும் ஒன்றுண்டு. நம் வீடுகளில் எல்லார்க்கும் பரிமாறிய பின்னர் இறுதியாக உண்பவள் தாய். அப்பொழுது சட்டியில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் சோறும் குழம்பும். பருப்பும் தயிரும் முன்னரே முடிந்துவிடும். சமைத்த சோறு 100 கிராமில் மூன்று கிராமிற்குட்பட்ட புரதமே உண்டு. அவள் உடல் பருத்தும் வலிவிழந்தும் இருக்கக் கண்டு, குறைத்து உண்ணுமாறு அறிவுரை கூறுகின்றோம். அவள் குறைத்தற்குரியதோ சோறு. அவளுக்குக் கூட்டிப் பரிமாறுதற்குரியன பயறும் பருப்பும். இதனைச் செய்யாது அவள் உணவாசையைக் குறைகூறுதல் அறமாகாது.

அற்றேல், அழியும் உடம்பைப் பேணுதற்கு இத்துணைக் கவலை எற்றுக்கு? கண்ணாடி முன் நின்று தோளைத் திருகிப் பார்த்தலிற் பொழுது போக்குதல் தற்பெருமையன்றோ எனின், கண்ணாடியின் பொருட்டே செய்வானுக்கு அக்குற்றம் உண்டு. ஆயின் குற்றம் நோக்கத்தின்கண்ணதேயன்றித் தசையின்கண்ணதன்று. படுக்கையிற் கிடக்கும் தந்தையைத் தூக்கி இருத்தவல்ல கையும், எழுபது வயதிலும் பிறர் துணையின்றிக் கோணேசர் கோயிற் படியேறவல்ல காலும் பெருமைக்கு உரியனவல்ல, கடமைக்கு உரியன. திருமூலர் உடம்பைப் பேணுதலை உயிர்க்கு உறுதியாகக் கொண்டமை இவ்விதழ் படிப்போர் அறிந்ததே. ஓர்ஸ் ஹில்லிலுள்ள கல்லூரிக்குப் பெயராய் விளங்கும் விவேகானந்த சுவாமிகளும் 1897ஆம் ஆண்டிற் சென்னையில் இளைஞரை நோக்கிப் பேசுகையில், உடல்வலிமை பெற்றபின் கீதை நன்கு விளங்கும் என்னுங் கருத்தை வற்புறுத்தினார்.

முதுமை எய்தியபின் இது கூடாதெனின், அதுவும் பொருந்தாது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் போஸ்ரன் நகரத்து முதியோர் இல்லத்தில், தொண்ணூறு வயதளவினர் எட்டு வாரம் காலாற் சுமையெடுத்துப் பயின்றனர். அவர்தம் கால்வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு மிகுந்தது. தொடையின் தசைப்பரப்பும் வளர்ந்தது. ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியர் தமக்குக் காலம் கழிந்ததென்று கூறுதற்கு இடமில்லை.

எல்லையும் கூறுதும். இவ்விரண்டும் ஒருங்கு நிகழ்தல் புதிதாய்ப் பயிலத் தொடங்குவோர்க்கும், கொழுப்பு மிகுந்தோர்க்கும், நெடுநாள் விட்டு மீள்வோர்க்கும் எளிது. பல்லாண்டு பயின்று கொழுப்புக் குறைந்தவனுக்கு அரிது; அவன் ஒரு காலத்து ஒன்றையே நாடல் வேண்டும். சிறுநீரக நோயுடையார் மருத்துவரைக் கேளாது புரதத்தை மிகுத்தலாகாது. நீரிழிவிற்கு மருந்துண்பார் அவரைக் கேளாது உணவைக் குறைத்தலாகாது.

செய்முறை எளிது. கிழமையில் இரண்டு அல்லது மூன்று நாள், கதிரையிலிருந்து கையூன்றாது பன்முறை எழுதல், சுவரிலோ நிலத்திலோ கையூன்றி உடம்பை உயர்த்தல், மணல் நிரப்பிய பையைத் தூக்கல் ஆகியவற்றைக் களைப்புத் தோன்றுமளவும் செய்து, வலிமை ஏற ஏறச் சுமையை ஏற்றுக. அறுபது கிலோகிராம் நிறையுடையார்க்கு நாளொன்றுக்கு 72 முதல் 96 கிராம் வரை புரதம் தகும். உலர்ந்த பயறு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. பயறு, பருப்பு, உழுந்து, சோயா, தயிர் என்பவற்றைக் கூட்டிச் சோற்றை ஓரகப்பை குறைப்பின், மரக்கறி உண்பார்க்கும் இவ்வளவு எய்தற்பாலதே.

ஆசிரிய அன்பர்களே, தொடக்கத்தில் எழுந்த அறவினாவிற்கு விடை இப்பொழுது தெளிவாம். குறைத்தல் மாத்திரம் ஒழுக்கமாகாது. ஆக்கும் தொழிலோடு கூடியவழியே அது பயன்தருவது. நம் வகுப்பறையினும் இஃது உண்மை. மாணாக்கன் குற்றங்களைய விரும்பி, அவன் விளையாட்டையும் நட்பையும் பேச்சையும் தடுத்து, செய்தற்கு யாதொன்றும் கொடாது விடுவோமாயின், அவன் குற்றத்தோடு ஊக்கமும் தேயும். தாங்கத்தக்க ஒரு பொறுப்பைச் சுமத்தி, அதற்கு வேண்டும் அறிவையும் அன்பையும் ஊட்டுவோமாயின், குற்றம் தேயுந்தோறும் குணம் வளரும். அம்மாற்றம் முதற்றவணைப் புள்ளிப் பட்டியலிற் புலப்படாதொழியலாம். அது கண்டு நாம் மனந்தளராதிருத்தல் வேண்டும்.