வீட்டுக் கீரையும் வியாபார நீதியும்

கேமரன் மலைக் காய்கறி லாரிகள் இறங்கிவரும் தாப்பாவில் இருந்துகொண்டு, வீட்டில் கீரை வளர்ப்பானேன் என்று வியாபாரிகளாகிய நாம் கேட்கலாம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, மலைத் தோட்டக்காரர்கள் விற்க வழியின்றிக் காய்கறிகளைக் கொட்டினார்கள். விளைச்சல் குறையவில்லை, வழிதான் அடைபட்டது.

மண்ணில்லா முறைக்குக் கொல்லைப்புறத்தில் சிறு இடம் போதும். துளையிட்ட மூடியுள்ள பெட்டியில் உரம் கரைத்த நீரை ஊற்றி, கங்கோங் நாற்றின் வேர் நனையவும், மேல்வேருக்குக் காற்றுப் படவும் நிறுத்தினால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறிக்கலாம்.

அப்படியானால் சந்தையில் கீரை விற்பவர் பிழைப்பு என்னாவது? நியாயமான கேள்விதான். ஒரு பெட்டிக் கீரை ஒரு வீட்டுக்கே காணாது. அவர் பிழைப்பைக் கெடுக்காது. ஆனால் உரம் அளந்து, பூச்சி பார்த்து, நாள் எண்ணிக் காத்திருந்தவனுக்கு, ஒரு கட்டுக்குப் பத்துக் காசு குறைக்கச் சொல்ல வாய் எழாது. பிறர் உழைப்பின் விலையை நமக்குக் கற்றுத்தருவதே இதன் பெரிய லாபம்.

மற்றொரு கடமையும் உண்டு. நீர் திறந்துகிடந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும்; டிங்கிக் காய்ச்சல் அடுத்த வீட்டையும் தொடும். நம் கீரைக்காக அண்டை வீட்டார் படுக்கையில் விழுவது தகுமா? ஆகவே இடைவெளிகளை வலைத்துணியால் அடைப்போமாக. பறிக்கும் நாளில் ஒரு பிடி அவர்கள் வீட்டுக்கும் போகட்டும்.