சறுக்கக் கற்பவனும் ஐந்தாம் கட்டளையும்

டிரிஃப்ட் பழக மலிவாக எந்த ரியர் வீல் டிரைவ் காரை வாங்கலாம் என்ற கேள்வி பொதுவாக மெக்கானிக் ஷெட்டோடு முடிந்துவிடும். மார்டள்ளி மாதிரி ஊரில் அது பாவசங்கீர்த்தனத் தொட்டிவரை போகக்கூடியது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்து, இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் ஹனூர்ப் பக்கம் சேர்ந்திருக்கும் ஊர் அது. கன்னட நாட்டுக்குள் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் வாழ்கிற இடம். மாவட்டம் மாறினாலும் மறைமாவட்டம் மைசூர்தான். சுற்றிலும் காடு, மலை மாதேஸ்வரர் மலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள், திருவிழா நாட்களில் சாலையோரமாக நடந்தே மலையேறும் பக்தர்கள். இங்கே ஓர் இளைஞன் காரின் பின்பக்கத்தைச் சறுக்கவிட்டுப் பழக ஆசைப்பட்டால், விளையாட்டுக்காக உயிரை ஆபத்தில் வைக்கலாமா என்ற பழைய கேள்வி அவன்முன் வந்து நிற்கும். அதற்குப் பாதிப் பதில் அவன் எந்தக் காரைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதிலேயே இருக்கிறது என்பது என் கட்சி. சரியான மலிவு அறத்தின் பக்கம் நிற்கும். தவறான மலிவு தன் விலையை அடுத்தவர் தலையில் கட்டிவிடும்.

முதலில் திருச்சபை என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். பலர் நினைப்பதைவிட அது இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2290-ஆம் எண்ணில், குடிபோதையாலோ வேக மோகத்தாலோ தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து வரவழைப்பவர்கள் கனமான குற்றத்துக்கு ஆளாகிறார்கள் என்கிறது. 2007 ஜூனில் வத்திக்கான் சாலைப் போக்குவரத்துக்காகவே ஒரு மேய்ப்புப்பணி வழிகாட்டியை வெளியிட்டது. ஓட்டுநர்களுக்கென்று பத்துக் கட்டளைகள் அதில் உண்டு. முதலாவது, கொலை செய்யாதே. காரை அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாக ஆக்காதே என்பதும் அந்தப் பத்தில் ஒன்று. அதற்கு வெகுமுன்பே, 1958-ல், பந்தய ஓட்டுநர்கள் அடுத்தடுத்துச் செத்தபோது, வத்திக்கான் நாளிதழ் பந்தயக் கார் தயாரிப்பாளர் என்ஸோ ஃபெராரியைத் தன் பிள்ளைகளையே விழுங்கிய ரோமானியச் சனித் தெய்வத்துக்கு ஒப்பிட்டு எழுதியது. அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது. முந்தைய ஆண்டு மே மாதம், மில்லே மிலியா என்ற சாலைப் பந்தயத்தில் ஒரு ஃபெராரியின் டயர் வெடித்து, ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் மட்டுமல்லாமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த 9 பேரும் இறந்தார்கள். அந்த 9 பேரில் 5 பேர் குழந்தைகள்.

மறைக்கல்வியின் அந்தப் போதனையில் கவனிக்க வேண்டியது அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது. கொலை செய்யாதே என்ற ஐந்தாம் கட்டளையின் விளக்கத்துக்குள், அளவோடிருத்தல் என்ற நற்பண்பின் கீழ், உணவு, மது, புகையிலை, மருந்து ஆகியவற்றின் மிதமிஞ்சிய பயன்பாட்டோடு சேர்த்து அது சொல்லப்படுகிறது. உணவோ மருந்தோ தம்மளவில் பாவமில்லை. அப்படியானால் கேள்வி அளவைப் பற்றியது. டிரிஃப்ட் வேகப் பந்தயம் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். போட்டியில் நடுவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. வண்டி போகும் கோடு, அது சாய்ந்து நிற்கும் கோணம், ஓட்டும் பாங்கு ஆகியவற்றுக்குத்தான் மதிப்பெண். சறுக்கும் கார் வேகத்தை இழந்துகொண்டுதான் போகும். பிடிமானம் எங்கே முடிகிறது என்று அறிந்து, அந்த விளிம்பிலேயே வண்டியை நிறுத்தி வைப்பதுதான் இந்த வித்தை. அளவைத் தாண்டுகிற கலைபோலத் தெரிவது, நெருங்கிப் பார்த்தால், அளவைத் தவிர வேறெதையும் பற்றியதில்லை.

மலிவின் அறம் இங்கேதான் வருகிறது. ஒரு டயரிடம் இருக்கும் பிடிமானம் ஓர் அளவுதான். முன்னால் தள்ளுவதற்கு அதைச் செலவழித்தால், பக்கவாட்டில் பிடித்து நிற்க மிச்சம் குறையும். பின்சக்கரம் தள்ளும் காரில், வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின் டயர்கள் அந்த மிச்சத்தையும் இழந்து வெளியே ஓடும். முன் டயர்கள் திருப்பும் வேலையை மட்டும் பார்ப்பதால், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டி வண்டியைத் தாங்கிப் பிடிக்கலாம். முன்சக்கர டிரைவ் காரில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பின்பக்கத்தை ஒருமுறை வீசலாமே தவிர, அந்தச் சறுக்கலை ஆக்சிலேட்டரால் வளர்த்துக்கொண்டு போக முடியாது. ஆக, பின்சக்கர டிரைவ் தேவை. ஆனால் குதிரைசக்தி எவ்வளவு தேவை? அகலமான புது டயரும் பெரிய எஞ்சினும் உள்ள காரில் பிடிமானம் விட்டுப்போகும் எல்லை அதிக வேகத்தில்தான் வரும். குறுகலான டயர் போட்ட சின்ன எஞ்சின் கார், ஈர மண் தளத்தில் 30, 40 கிலோமீட்டர் வேகத்திலேயே தன் எல்லையைக் காட்டிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 40-ல் செய்த தவறு 80-ல் செய்த தவறின் கால்பங்கு. வலு குறைந்த வண்டியில் பழகுகிறவன் தன் குற்றங்களைக் குறைந்த விலைக்கு வாங்குகிறான். ஜப்பானில் இந்தக் கலை வளர்ந்ததும் இப்படித்தான். டிரிஃப்ட் ஓட்டுநர் கெய்ச்சி சுச்சியாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட டொயோட்டா ஏஇ86, 1983-ல் சாதாரண ஆட்கள் வாங்கும் காராக வந்தது. இன்று அதற்குக் கேட்கும் விலை வேறு கதை.

நம் ஊரில் இந்தக் கணக்கு எந்தக் காரிடம் கொண்டுபோய் விடுகிறது? முதலில் நினைவுக்கு வருவது ஆம்னி. 796 சிசி எஞ்சின், பின்சக்கர டிரைவ், எந்த மூலையிலும் ஸ்பேர் கிடைக்கும். ஆனால் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால், ஓட்டுகிறவனின் முழங்காலுக்கும் எதிரே வரும் மரத்துக்கும் நடுவில் ஒரு தகரம்தான் இருக்கிறது. புதிய மோதல் விதிகள் வந்தபோது 2019-ல் அதன் தயாரிப்பு நின்றது தற்செயல் இல்லை. ஜிப்ஸியில் முன் ஆக்சிலை விலக்கிவிட்டால் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும். உயரமும் அதிகம், அகலமும் குறைவு என்பதால் சறுக்கவேண்டிய இடத்தில் கவிழும். பழைய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் இன்று ஒரு புது சின்னக் காரைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, சறுக்கவும் அருமையான வண்டி. ஒரு சென்சார் போனால் வாங்கிய மலிவு அன்றைக்கே தீர்ந்துவிடும். 1984-ல் வந்த கான்டெஸா இதற்கென்றே பிறந்ததுபோல நீளமும் தாழ்வுமாக இருக்கும். இப்போது அதைச் சேகரிப்பவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள், போற்றி வைக்கிற பொருளில் பிழை செய்து பழக முடியாது. எனக்கு நியாயமாகப் படுவது பிரீமியர் 118என்இ. ஃபியட் உடம்பு, 1171 சிசி நிசான் எஞ்சின், தாழ்ந்த உட்காரும் நிலை, முன்னால் எஞ்சின், பின்னால் கெட்டி ஆக்சில். தார்ச்சாலையில் அதன் எஞ்சினுக்குப் பின் டயரைச் சுழற்றும் திராணி இல்லை. மண்ணில் தாராளமாக உண்டு. வேடிக்கை பார்க்கிறவர்கள் கைதட்ட மாட்டார்கள் என்பதும் ஒரு தகுதியே.

மலிவான பழைய காரில் காற்றுப்பை கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, துருப்பிடித்த தகரம்தானே, இதில் எங்கே அறம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்கும் விலையில் மிச்சம் பிடித்ததை எங்கே செலவழிக்கிறான் என்பதுதான் பதில். பிரேக், சீட் பெல்ட், ரோல் கேஜ், ஹெல்மெட் ஆகியவற்றுக்கு அந்தப் பணம் போனால் அது சரியான மலிவு. டிஃபரென்ஷியலை வெல்டிங் வைத்துப் பூட்டினால் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகச் சுழலும், சறுக்கலும் சுலபமாகும், செலவும் சொற்பம். ஆனால் அந்த வண்டியைப் பிறகு சாதாரணச் சாலையில் ஓட்டக்கூடாது. அதை இழுத்துப்போக இன்னொரு வண்டி வேண்டும் என்ற கணக்கையும் சேர்த்த பிறகே அது மலிவா என்று சொல்ல முடியும்.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. உயிர் கடவுள் கொடுத்தது, காக்கத்தான் நமக்கு உரிமை, பந்தயம் வைக்க இல்லை. கோவில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் சொன்னபோது இயேசு மறுத்தார் என்பது மத்தேயு நற்செய்தியில் இருக்கிறது. கண்ணாடியில் ஜெபமாலையைத் தொங்கவிட்டோ டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோ வளைவில் கண்ணை மூடிக்கொள்பவன் கேட்பது அந்தக் குதிப்பைத்தான். பக்கத்து மலையில் மாதேஸ்வரர் புலிமேல் வீற்றிருக்கிறார். அவரைக் கும்பிடுகிறவர்கள் யாரும் தாங்களும் புலிமேல் ஏறப் பார்ப்பதில்லை. ஆனால் ஆபத்துள்ள விளையாட்டு எல்லாமே கடவுளைச் சோதிப்பதாகிவிடாது. விளையாட்டே ஒரு நற்பண்பாக இருக்கலாம் என்று 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் வாதிட்டார். எப்போதும் வளைத்தே வைத்த வில் முறிந்துவிடும் என்ற பழைய கதையை எடுத்துச் சொல்லி, அவர் வைத்த எச்சரிக்கைகள் மூன்று. தீங்கான செயலில் இன்பம் தேடக்கூடாது, மனம் தன் நிலையை முழுக்க இழந்துவிடக்கூடாது, ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் பொருந்தியிருக்க வேண்டும். சுற்றிலும் ஆள் இல்லாத மண் தளத்தில், குறைந்த வேகத்தில், பெல்ட் போட்டுக்கொண்டு சறுக்குபவன் மூன்றிலும் தேறிவிடுவான். மலைச்சாலையில் அதையே செய்பவன் முதல் எச்சரிக்கையிலேயே தோற்றுவிடுகிறான். வளைவுக்கு அப்பால் நடந்து வரும் பக்தரோ யானையோ இந்த விளையாட்டுக்குச் சம்மதம் தரவில்லை. சட்டமும் இங்கே அறத்தோடு ஒத்துப்போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, அரசின் எழுத்துமூல அனுமதியில்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதைக் குற்றமாக்குகிறது. கோவைக்குப் பக்கத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது. தூரம்தான். அந்தத் தூரமும் செலவில் சேர்ந்ததே.

சறுக்கப் பழகினால் மலைச்சாலையில் உயிர் பிழைக்கலாமே என்று இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தை நான் ஏற்கவில்லை. 1980-களில் நார்வேயில் புது ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தளப் பயிற்சியைக் கட்டாயமாக்கி வைத்திருந்தார்கள். 1988-ல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, பயிற்சி பெற்ற இளைஞர்களிடம் வழுக்குச் சாலை விபத்து குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. கை கற்றதைவிட மனம் அதிகமாகக் கற்றுவிட்டதாக நம்பியதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். தலையான பாவங்கள் ஏழில் ஆங்காரத்தை முதலில் வைத்தவர்கள் இதற்கு வியந்திருக்க மாட்டார்கள். டிரிஃப்ட் பழகுபவனுக்கு வேகத்தைவிடப் பெரிய ஆபத்து அதுதான். ஓட்டுநரின் பிழையை மின்னணு வைத்து மூடிமறைக்கிற, ஒவ்வொரு சறுக்கலையும் வெற்றிபோலக் காட்டுகிற விலையுயர்ந்த கார் அந்த ஆங்காரத்துக்குத் தீனி போடும். பத்து முறையில் ஒன்பது முறை சுற்றிக்கொண்டு தூசிக்குள் நின்றுவிடும் 118என்இ அவ்வளவு சுலபமாகப் போடாது. முழு மருந்து அது என்று சொல்ல மாட்டேன். ஒன்பதையும் மறந்து அந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் திறமை மனிதனுக்கு உண்டு.

ஏழை ஊரில் டயரைத் தேய்த்துப் பெட்ரோலை எரிப்பது வீண் இல்லையா என்ற மறுப்புக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. திருவிழா வாணவேடிக்கைக்கும் அதே கேள்வி பொருந்தும் என்பது பதில் ஆகாது, தப்பித்தல்தான். மண் தளத்தில் மொட்டை டயரே போதும், தேய்மானமும் குறைவு என்ற அளவில் அது சற்றுத் தணிகிறது. ஆனால் எல்லாவற்றிலும் மலிவான வண்டி ஒன்று இருக்கிறது. வீட்டு வாசலில் நிற்கும் மாருதி ஈகோ வேன், பின்சக்கர டிரைவ், பைசா செலவில்லை. அதிகாலையில் அப்பா அதில்தான் காய்கறியும் ஆட்களும் ஏற்றிப்போகிறார், மாதத் தவணை இன்னும் பாக்கி இருக்கிறது. இரவில் அதன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவன், யார்மேலும் மோதாமல் திரும்பி வந்தாலும், தேய்ந்த கிளட்சுக்கு அப்பாதான் பணம் கட்டுவார். அவன் பதில் சொல்ல வேண்டியது ஐந்தாம் கட்டளைக்கு முன்பே, களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளைக்கு.