கொள்ளைநோய்க் காலத்து இலாபம் பாவமாகுமா?



2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி முதல் நம் தேசம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோவில் கதவுகள் சாத்தப்பட்டன. பூசையைத் தொலைக்காட்சியில் கண்டோம். கடைவீதிக்குப் போக அஞ்சியவர்கள் கைப்பேசியில் சொல்லியனுப்பி, அரிசி, பருப்பு, எண்ணெய் முதலியவற்றை வீட்டு வாசலுக்கே வருவித்துக்கொண்டார்கள். அதே நாட்களில் வீட்டிலிருந்தபடியே ஷேர் வாங்கி விற்கத் தொடங்கினவர்களும் அநேகர். 2020 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 4 கோடியாயிருந்த டீமாட் கணக்குகள், 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டின. நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இப்பழக்கம் வந்துவிட்டது.

அப்படிப்பட்ட குடும்பத்தில், மனச்சாட்சிக்குப் பயந்த ஒருவர் இவ்விதம் கேட்கக்கூடும்: “ஊரெங்கும் நோயும் சாவும். சனங்கள் வெளியே வரப் பயந்து இணையவழி மளிகைக் கடைகளை நாடுவார்கள். ஆகையால் அந்தக் கம்பெனிகளின் ஷேர் விலை ஏறும் என்று கணக்குப் பார்த்து வாங்குகிறேன். ஏறின பிறகு விற்று இலாபம் எடுக்கிறேன். நான் யாரையும் ஏமாற்றவில்லை, யாருடைய பொருளையும் திருடவில்லை. ஆனாலும் மனது உறுத்துகிறது. இது பாவமா?”

கேள்வி நியாயமானது. வியாபாரம் வேறு, வேதம் வேறு என்று அதைத் தள்ளிவிடுவது கிறிஸ்தவனுக்கு அழகல்ல. இலாபம் என்றாலே பாவம் என்று அவசரமாய்த் தீர்ப்புச் சொல்வதும் திருச்சபையின் போதனைக்கு ஒத்ததல்ல. ஆகவே நிதானமாக ஆராய்வோம்.

முதலாவது, இல்லாத காலத்தில் உணவுப் பொருளை விற்பது தன்னிலே குற்றமாகாது. தானியத்தைப் பதுக்கிவைப்பவனைச் சனங்கள் சபிப்பார்கள் என்றும், அதை விற்கிறவன் தலைமேல் ஆசீர்வாதம் தங்கும் என்றும் பழமொழி ஆகமம் போதிக்கிறது. கவனியுங்கள்: தருமமாய்க் கொடுக்கிறவனுக்கு மாத்திரமல்ல, விற்கிறவனுக்கும் ஆசீர்வாதம் சொல்லப்பட்டிருக்கிறது. யாக்கோபின் குமாரனான சூசை எகிப்து தேசத்தில் ஏழு வருட விளைச்சலைச் சேர்த்துவைத்து, பஞ்சம் வந்தபோது களஞ்சியங்களைத் திறந்து விற்றார். அதனால் எகிப்து பிழைத்தது. அவருடைய தகப்பன் வீட்டாரும் பிழைத்தார்கள்.

13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதைப்பற்றித் தெளிவாகப் போதித்திருக்கிறார். குடும்பத்தைக் காப்பாற்றவும் ஏழைகளுக்கு உதவவும் ஒருவன் மிதமான இலாபத்தைத் தேடினால் அதில் குற்றமில்லை. ஆனால் வாங்குகிறவனின் அவசரத்தைப் பார்த்து விலையைக் கூட்டலாகாது. ஏனெனில் அந்த அவசரம் வாங்குகிறவனுடையது; தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை ஒருவன் எப்படி விற்கலாம்?

வேறொரு வழக்கையும் அவர் எடுத்துப் பேசுகிறார். பஞ்சத்தால் வாடும் ஊருக்கு ஒரு வியாபாரி தானியம் கொண்டுவருகிறான். பின்னால் இன்னும் பல வியாபாரிகள் வருகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அதை அவன் சொல்லியாக வேண்டுமா? நீதியின்படி கட்டாயமில்லை என்கிறார் அர்ச். தோமாஸ். ஆனால் அதைச் சொல்லிவிட்டாலோ, விலையைக் குறைத்தாலோ, அவனுடைய புண்ணியம் அதிகமாகும் என்கிறார். நீதி ஒரு எல்லையில் நின்றுவிடும். பிறர்சிநேகம் அந்த எல்லையைத் தாண்டிப் போகும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு 2020-ம் ஆண்டைப் பார்ப்போம். இங்கிலாந்தில் டெஸ்கோ என்ற பெரிய கடைக் கம்பெனி, வாரத்துக்குச் சுமார் 6 இலட்சம் வீடுகளுக்குச் சாமான் சேர்த்துக்கொண்டிருந்தது. நோய் பரவத் தொடங்கிய ஐந்து வாரங்களுக்குள் அதை 12 இலட்சமாகப் பெருக்கியது. கடும் நோயாளிகளின் பட்டியலை அரசாங்கமே கடைக்காரர்களுக்குக் கொடுத்து, அவர்களுக்கு முதலிடம் கிடைக்க வழி செய்தது. புற்றுநோயோடு தனிமையில் வாழும் ஒரு மூதாட்டிக்கு, வாசலில் இறக்கிவைக்கப்பட்ட அந்தப் பை உயிர் காத்த பையாகும். இப்படிப்பட்ட சேவைக்குப் பணம் வேண்டும். கிடங்கும் வண்டியும் ஆட்களும் சும்மா வருவதில்லை. ஒகாடோ என்ற மற்றொரு இங்கிலாந்துக் கம்பெனி, கடையே வைக்காமல் கிடங்கிலிருந்து நேரே வீடுகளுக்குச் சாமான் அனுப்புவது. அது 2020 ஜூனில் புதிய ஷேர்களாலும் கடன் பத்திரங்களாலும் 100 கோடி பவுன் திரட்டிற்று. சனங்களுக்கு மெய்யாகவே பயன்படும் பொருளை உண்டாக்கவும், அநேகருக்கு வேலை கொடுக்கவும் செல்வத்தை உபயோகிப்பது ஒரு சிறந்த புண்ணியம் என்று பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1931-ல் போதித்தார். ஆகவே முதல் போடுவது பாவமல்ல. நல்ல காரியமாகவும் இருக்கலாம்.

ஒன்றை மறவாதிருங்கள். கம்பெனி புதிதாக வெளியிடும் ஷேரை வாங்கினால்தான் உங்கள் பணம் கம்பெனிக்குப் போகும். மற்றபடி சந்தையில் வாங்கும்போது, அது ஷேரை விற்கும் வேறொருவர் கைக்கே போகிறது. ஆகையால் “நான் நோயாளிகளுக்கு உதவத்தான் வாங்கினேன்” என்று சுலபமாய்ச் சொல்லிக்கொள்ள இடமில்லை.

இரண்டாவது, அந்த இலாபத்துக்காகப் பாரம் சுமந்தவன் யார் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இன்ஸ்டாகார்ட் என்ற கம்பெனி உண்டு. வீட்டிலிருப்பவர் சொல்லும் சாமான்களை அதன் ஆட்கள் கடைக்குப் போய் வாங்கிவந்து கொடுப்பார்கள். நோய் மூண்ட 2020 மார்ச்சில், இன்னும் 3 இலட்சம் பேரைச் சேர்க்கப்போவதாக அது அறிவித்தது. இவர்களில் பெரும்பாலோர் சம்பள ஊழியராக அல்ல, தனித்தனி ஒப்பந்தக்காரராகவே கணக்கிடப்பட்டார்கள். அம்மாதம் 30-ந் தேதி அவர்களில் ஒரு பகுதியார் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது என்ன? கைகளுக்குச் சானிடைசர், ஆபத்துக்கு ஈடாக ஒவ்வொரு ஆர்டருக்கும் 5 டாலர், நோயுற்றவர்களுக்கு உதவிப்பணம் முதலியவை. மறு வருடம் 2021 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் மதிப்பு 3,900 கோடி டாலராயிற்று.

வயலை அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அக்குரல் ஆண்டவருடைய செவிக்கு எட்டுகிறது என்றும் அர்ச். இயாகப்பர் எச்சரிக்கிறார். இருவரும் சம்மதித்து ஒப்பந்தம் செய்துகொண்டதனால் மாத்திரம் கூலி நியாயமாகிவிடாது என்று பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-லேயே கற்பித்தார். 2020 மார்ச் 27-ந் தேதி மாலை, மழை பெய்துகொண்டிருக்க, வெறிச்சோடிய அர்ச். இராயப்பர் சதுக்கத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் செபித்தபோது, மருத்துவரோடும் தாதியரோடும் சேர்த்து, பல்பொருள் கடை ஊழியரையும் நினைவுகூர்ந்தார். உலகத்தின் கண்ணுக்கு அவர்கள் சின்னவர்கள். நாம் உண்ட சோறு அவர்கள் கைப்பட்டு வந்தது.

“என்னிடம் இருப்பது பத்து ஷேர். நான் என்ன செய்ய முடியும்?” என்று கேட்பாருமுண்டு. பத்தானாலும் நீங்கள் அந்தக் கம்பெனியின் சொந்தக்காரரில் ஒருவர். பங்குக் கோவில் நம்முடையது என்று சொல்லுகிற நாம், அதன் கூரை ஒழுகினால் எனக்கென்ன என்று இருப்போமா? கம்பெனியில் பங்கு வைத்திருப்பவனுக்கும் அப்படியே ஒரு கடமையுண்டு. பணத்தை எதில் போடுவது என்று தீர்மானிப்பது எப்பொழுதும் ஒழுக்கத்தைச் சார்ந்த தீர்மானமே என்று பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் 1991-ல் எழுதினார்.

மேலே சொன்ன டெஸ்கோ கம்பெனியில் நடந்த ஒரு காரியம் இங்கே கவனிக்கத்தக்கது. நோயினால் வியாபாரம் படுத்துவிடும் என்றெண்ணி, இங்கிலாந்து அரசாங்கம் கடைகளுக்கு ஒரு வருடத்துக் கட்டட வரியைத் தள்ளுபடி செய்தது. மளிகைக் கடைகளுக்கோ விற்பனை கூடிற்று. சட்டப்படி அந்தச் சலுகை அவர்களுக்கு உரியதே. ஆயினும் பொதுமக்களின் கண்டனத்துக்குப் பின், 2020 டிசம்பர் 2-ந் தேதி, டெஸ்கோ 58 கோடியே 50 இலட்சம் பவுனைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. வேறு பல கடைகளும் அப்படியே செய்தன. நீங்கள் அதன் பங்குதாரராக இருந்திருந்தால், “என் இலாபம் குறைந்ததே” என்று முகம் சுளித்திருப்பீர்களா? அல்லது, “நல்லது, நமக்கு வேண்டாத பணம் போகட்டும்” என்று சொல்லியிருப்பீர்களா?

மூன்றாவது காரியமே எல்லாவற்றிலும் முக்கியமானது. அது நம் இருதயத்தின் ஆசையைப் பற்றியது. திரிதெந்தீன் சங்கத்துக்குப் பின் 1566-ல் வெளியான உரோமை ஞானோபதேசம், பத்தாம் கற்பனையை விளக்கும் இடத்தில் யாரைக் குற்றஞ்சாட்டுகிறது தெரியுமா? பொருள் அரிதாகி விலை ஏற வேண்டும் என்று விரும்பும் வியாபாரியை. நோய் பரவ வேண்டும் என்று விரும்பும் வைத்தியனை. 1992-ல் வெளிவந்த திருச்சபையின் ஞானோபதேசமும் இதை எடுத்துச் சொல்லுகிறது. அர்ச். அம்புரோசியாரும் பஞ்சத்தைக் கண்டு மகிழும் தானிய வியாபாரியைக் கடுமையாய்க் கண்டித்திருக்கிறார். வைத்தியர் நோயாளியிடம் பணம் பெறுவது குற்றமல்ல, பிழைப்பு அதுதான். ஆனால் ஊரில் காய்ச்சல் குறைகிறதே என்று வருத்தப்படும் வைத்தியர், ஒருவரிடமும் காசு வாங்காமலே பாவம் கட்டிக்கொள்கிறார்.

2020 நவம்பர் 9-ந் தேதியை நினைத்துப் பாருங்கள். பைசர், பயோன்டெக் கம்பெனிகளின் தடுப்பூசி நூற்றுக்கு 90-க்கு மேல் பலன் தருகிறதென்ற செய்தி அன்றுதான் வெளியாயிற்று. அந்த வருடத்தில் மனுக்குலம் கேட்ட நற்செய்திகளில் அதற்கு இணையானது வேறொன்றுமில்லை எனலாம். அதே நாளில் ஒகாடோவைப் போன்ற கம்பெனிகளின் ஷேர்கள் கடுமையாகச் சரிந்தன. ஏன்? சனங்கள் பயம் நீங்கி இனி வெளியே வருவார்கள் என்று சந்தை கணக்குப் போட்டது. அந்த ஷேரை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவனை நினையுங்கள். தன் அயல்வீட்டார் பிழைக்கப்போகிறார்கள், தன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப்போகிறார்கள், கோவில் மணி மறுபடி அடிக்கப்போகிறது. ஆனால் அவன் கைப்பேசியில் சிவப்பு எண்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். அந்தப் பெருமூச்சைத்தான் பத்தாம் கற்பனை விசாரிக்கிறது.

நஷ்டம் வந்தால் மனம் சோர்வது மனித சுபாவம். அது தானாகப் பாவமாகிவிடாது. நோய் இன்னும் ஆறு மாதம் நீடிக்கட்டுமே என்ற எண்ணத்துக்கு இணங்கி, அதில் இன்பங்கொள்வதே பாவம். ஆயினும் இன்றைய சோர்வு நாளைய சம்மதமாக மாறக்கூடும். நம் பணம் ஒரு பக்கமும் நம் அயலாரின் சுகம் மற்றொரு பக்கமும் நிற்கும்படி நாமே ஏற்பாடு செய்துகொண்டால், அந்தச் சோதனையை விலை கொடுத்து வாங்கினவர்களாவோம். எங்கே பொக்கிஷம் இருக்கிறதோ அங்கே இருதயமும் இருக்கும் என்று சேசுநாதர் போதித்ததன் பொருள் இதுவே.

வேறொரு எச்சரிக்கையும் சுருக்கமாய்ச் சொல்ல வேண்டும். 2020 தொடக்கத்தில் 13 பவுனை ஒட்டியிருந்த ஒகாடோ ஷேர், அந்த வருடமே 28 பவுனைத் தாண்டிற்று. 2024 ஜூனில் 5 பவுனுக்கும் கீழே இருந்தது. 3,900 கோடி டாலர் என்று மதிக்கப்பட்ட இன்ஸ்டாகார்ட், 2023 செப்டம்பரில் சந்தைக்கு வந்தபோது சுமார் 1,000 கோடி டாலருக்கே மதிக்கப்பட்டது. மகளின் கலியாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் சேர்த்த பணத்தை, பிறர் பயத்தின்மேல் பந்தயமாக வைக்கத் தகப்பனுக்கு உரிமையில்லை.

இவையெல்லாம் அந்நிய தேசத்துச் சங்கதிகள் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்கு மளிகை சேர்க்கும் வியாபாரத்தில் இறங்கிய ஸொமாட்டோவும் ஸ்விக்கியும் முறையே 2021-லும் 2024-லும் நம் பங்குச்சந்தைக்கு வந்தன. மியூச்சுவல் பண்டு வைத்திருப்பவர்கள், தாங்கள் அறியாமலே இத்தகைய கம்பெனிகளின் சொந்தக்காரராக இருக்கக்கூடும். இன்னொரு கொள்ளைநோய் வராதென்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே இப்பொழுதே சில பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள்.

உங்கள் பண்டு எந்தெந்தக் கம்பெனியில் பணம் போட்டிருக்கிறது என்பதை மாதந்தோறும் வெளியிடுகிறார்கள், அதை வாசியுங்கள். ஷேர் வைத்திருந்தால், கம்பெனியின் தீர்மானங்களுக்கு வீட்டிலிருந்தபடியே வாக்களிக்கலாம். அந்த வாக்கை வீணாக்காதீர்கள். சாமான் கொண்டுவரும் பையனை வாசலில் நிறுத்தி அதட்டாதீர்கள். வெயிலில் வந்தவனுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுங்கள். துன்ப காலத்தில் எதிர்பாராத இலாபம் வந்தால், அதில் ஒரு பகுதியை நம் வின்சென்ட் தே பவுல் சபை மூலமாக, அதே துன்பத்தில் பிழைப்பு இழந்தவர்களுக்குச் சேருங்கள்.

இரவில் ஆத்துமசோதனை செய்யும்போது இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: “நாளைக்கே இந்த நோய் ஒழிந்து, என் ஷேர் பாதி விலைக்கு விழுந்தால், நான் சர்வேசுரனுக்கு மனதார நன்றி சொல்லுவேனா?” ஆம் என்று சொல்ல முடிந்தால் அமைதியாய் நித்திரை செய்யுங்கள். முடியாவிட்டால், அந்த ஷேரை விற்றுவிடுவதே உத்தமம்; அதில் எவ்வளவு இலாபம் வருவதாயிருந்தாலும் சரி.

பிறர் சுகத்தை நம் சுகமாக எண்ணும் இருதயத்தைச் சர்வேசுரன் நம் எல்லோருக்கும் தந்தருள்வாராக.