மணி காட்டவா, மதிப்புக் காட்டவா?

மணி என்ன என்று அறிய ஒரு கருவி வேண்டும். சில நூறு ரூபாய்க் கடிகாரம் அதைச் சொல்லிவிடும். சட்டைப் பையிலே கிடக்கும் கைப்பேசியும் சொல்லும். அப்படியிருக்க, பத்து இலட்சம், இருபது இலட்சம் என்று கொட்டிக் கொடுத்து, வில்லை முடுக்கினால்தான் ஓடுவேன் என்று அடம் பிடிக்கும் கடிகாரத்தைச் சீமான்கள் தேடி அலைவானேன்? இக் கேள்வியைப் பொறாமை என்று தள்ளிவிட வேண்டாம். அவர்கள் எதை வாங்குகிறார்கள் என்பதைவிட, எதை வாங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

துல்லியத்தையா வாங்குகிறார்கள்? அன்று. இயந்திரக் கடிகாரங்களைச் சோதித்து ‘குரோனோமீட்டர்’ என்று சான்றளிக்கும் தேர்வு சுவிட்சர்லாந்திலே நடக்கிறது. நாளொன்றுக்குச் சராசரி 4 வினாடி பிந்தலாம், 6 வினாடி முந்தலாம். அதற்குள் நின்றால் வெற்றி! எளிய குவார்ட்ஸ் கடிகாரமோ மாதம் முழுவதற்குமே ஏறத்தாழ 15 வினாடிதான் தவறும். ஜப்பானின் செய்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25-இல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அன்றே நேரம் காட்டும் பந்தயத்திலே பற்சக்கரம் தோற்கத் தொடங்கிவிட்டது. தோல்வியின் விலையைச் செலுத்தியவர்கள் பாட்டாளிகள். 1970-ஐ ஒட்டிச் சுமார் 90,000 பேருக்குச் சோறு போட்ட சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980-களின் நடுவிலே எஞ்சியவர் 30,000 பேர் அளவே. பின்னர் அக் கடிகாரம் மீண்டு வந்தது. கருவியாக அன்று, அணிகலனாக!

இதிலே வரலாற்றின் குறும்பும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஜெனீவாவிலே சமயச் சீர்திருத்தக்காரர் கால்வின் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில், நகை அணிவது தடுக்கப்பட்டது. பிழைப்பிழந்த பொற்கொல்லர் தம் கைத்திறனைக் கடிகாரத்தின்பால் திருப்பினர். பிரான்சிலே சமயக் கொடுமைக்குத் தப்பி ஓடி வந்த கைவினைஞர்களும் துணை சேர்ந்தனர். 1601-இல் கடிகாரக் கம்மியருக்கென அங்கே ஒரு சங்கமும் அமைந்தது. நகை கூடாது என்ற நகரிலே வளர்ந்த கடிகாரம், இன்று நகைகளுக்கெல்லாம் தலைமை தாங்குகிறது. முன்வாசலில் விரட்டிய ஆடம்பரம் பின்வாசல் வழியே வந்து, நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டது.

கைத்திறனை நாம் இகழவில்லை. தலைமயிரினும் மெல்லிய சுருள்வில். அதன் துணையால் இப்புறமும் அப்புறமும் ஊசலாடும் சிறு சக்கரம். பல கடிகாரங்களில் அது மணிக்கு 28,800 முறை துடிக்கிறது. ஒரே நாளில் ஏழு இலட்சத்தை நெருங்குகிறது. மூடியைத் திறந்தாலன்றி எவர் கண்ணுக்கும் தெரியாத தகட்டின் விளிம்பைக்கூடச் சாய்த்து மெருகேற்றி வைக்கிறார்கள் தேர்ந்த தொழிலாளர்கள். போற்றத்தக்க கைகள் அவை.

அந்தக் கைகளுக்கு உரியவர்களை ஒருவர் நாடிச் சென்றதுண்டு. இரஷ்யாவிலே பிரபுக் குலத்தில் பிறந்த குரோபோட்கின், 1872-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைச் சிற்றூர்களுக்கு வந்து, கடிகாரத் தொழிலாளரோடு ஒரு வாரம் பழகினார். எந்தத் தலைவனின் வாயையும் பார்த்திராமல் தாமே சிந்தித்து, தாமே தெளியும் அவர்தம் போக்கைக் கண்டார். ஆட்சி மறுப்புக் கொள்கையே தம் கொள்கை என்று அங்கேதான் உறுதி கொண்டார். பிரபுவின் மகன் தொழிலாளியிடம் பாடம் கேட்டான்!

இக்காலப் பிரபுக்களுக்கு நிறுவனத்தின் பெயர் தெரியும். செய்தவர் பெயர் தெரியாது. 2017 அக்டோபரில் நியூயார்க் நகர ஏலத்திலே ரோலெக்ஸ் டேடோனா ஒன்று 1 கோடியே 77 இலட்சம் டாலருக்கு விலை போயிற்று. காரணம்? ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த கடிகாரம் அது! கட்டிய கைக்குக் கோடி. பூட்டிய கை எதுவென்று கேட்பாரில்லை.

வாங்கியதோடு முடிகிறதா? உள்ளே எண்ணெய் வறளும். சில ஆண்டுகளுக்கொரு முறை அக்கக்காகப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டுப் பூட்டியாக வேண்டும். தானியங்கிக் கடிகாரமோ கையின் அசைவால் முடுக்கம் பெறுவது. கடிகாரம் பத்து, கட்டும் கை ஒன்று என்றால், மற்ற ஒன்பதும் நின்றுபோகுமே! அதற்கென்று மின்விசையால் சுழலும் பெட்டி செய்து விற்கிறார்கள். ஆளில்லா அறையிலே, எவரும் பாராத நேரத்தைக் காட்டுவதற்காக அவை இரவெல்லாம் ஆடிக்கொண்டிருக்கின்றன. சிலைக்கு ஊஞ்சல் சேவையா என்று நகைத்தோம்; கடிகாரத்துக்கும் ஊஞ்சல் வந்துவிட்டது.

நம் நாட்டுச் சீமானின் கதை இன்னும் வேடிக்கை. மணிக்கட்டிலே வினாடியைக் கூறுபோடும் கருவி. மண்டையிலே இராகு காலம்! அந்த ஒன்றரை மணி எப்போது ஒழியும் என்று பார்க்கவே அத்தனை இலட்சம். மாப்பிள்ளைக்கு மோதிரம், கடிகாரம் என்று பெண்ணைப் பெற்றவரைப் பிழிந்த வழக்கம் வேறு.

“உழைப்பின் அருமை தெரிந்தே வாங்குகிறோம்” என்பர் சிலர். தெரிந்து வாங்குபவரை நாம் குறை கூறோம். ஆனால் அந்த அருமை ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் மட்டுந்தானா விளைகிறது? கைத்தொழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதியை ஒட்டவைத்து, செய்பவனைத் தாழ்த்தி, செய்யாதவனை உயர்த்திய சமுதாயமல்லவா இது? நம் ஊர்க் கடைவீதியிலே, மூன்றடி அகலப் பெட்டிக்குள், ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, சாமணத்தால் அதே சுருள்வில்லைத் தூக்கிப் பொருத்துகிறார் பழுது பார்ப்பவர். பெங்களூரிலே 1961-இல் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலையிலிருந்து வந்து, நின்றுபோய்க் கிடக்கும் பழைய கடிகாரம் அவர் கையில் மீண்டும் துடிக்கிறது. அவரை “ஏம்ப்பா” என்று அழைத்து, கேட்ட கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுபவர், வெளிநாட்டு நிறுவனம் நீட்டும் பராமரிப்புச் சிட்டைக்கு மறுபேச்சின்றிப் பணம் செலுத்துகிறார். பழுது பார்ப்பவர்தம் பிள்ளைகள் பலர் இத் தொழிலுக்கு வரவில்லை. பெட்டிக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன.