பழுதும் பொறுப்பும்

உடைமை உள்ளவனுக்குப் பொறுப்பும் உண்டு என்பதை மறுப்பார் இலர். ஆனால் அப்பொறுப்பு முதற்கண் யாருக்கு உரியது? தனக்கா, பிறருக்கா? இவ்வினாவை ஆராயப் பெரிய சாஸ்திரங்களைப் புரட்ட வேண்டுவதில்லை. நம்மவர் வாசலில் நிற்கும் பழைய வேன் ஒன்றே போதும்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு செல்வதும், இரவுச் சந்தைக்குக் காய்கறி ஏற்றுவதும், கலியாண வீட்டுக்குப் பந்தற் சாமான் சுமப்பதும் மலேசியாவில் பெரும்பாலும் சிறு வேன்களே. அவற்றுள் நிஸான் வேனெட் நம்மவர் நன்கு அறிந்தது. அதன் சி22 என்னும் வகை 1985-ம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்தது. 1994-ல் அங்கே வேறு வகை வந்துவிட்டது. மலேசியாவிலோ அதற்குப் பின்னும் பல்லாண்டு விற்பனையாயிற்று. இஞ்சின் முன் ஆசனத்தின் கீழே இருக்கும். ஆசனத்தைத் தூக்கினால் கைக்கு எட்டும். சிற்றூர்ப் பட்டறைக்காரரும் பிரித்துப் பூட்டத்தக்க எளிய அமைப்பு. ஆதலின் வயது முதிர்ந்தும் அவ்வண்டி உழைக்கிறது. சிங்கப்பூரில் 1990-ல் தொடங்கிய உரிமைச் சான்று முறை 10 ஆண்டுக்கு ஒரு தடவை வண்டியின் ஆயுளைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது. சரக்கு வண்டிக்கு 20 ஆண்டு என்ற எல்லையும் உண்டு. மலேசியாவில் முதுமையடைந்த வண்டியைப் பற்றிய முடிவு பெரும்பாலும் உடையவன் மனச்சாட்சியிடமே விடப்பட்டிருக்கிறது.

முதிய வேனுக்கு வரும் பழுதுகள் பலவாயினும், அறநோக்கில் அவற்றை இரண்டாகப் பகுக்கலாம். ஒன்று, வண்டியை ஓடவிடாத பழுது. மற்றொன்று, வண்டியை நிற்கவிடாத பழுது.

முன்னதைப் பார்ப்போம். ரேடியேட்டரில் வெறுங் குழாய்த் தண்ணீரையே ஆண்டுக்கணக்காக ஊற்றினால், உள்ளே துரு படிந்து நீரோட்டம் அடைபடும். மூடியின் ரப்பர் கெட்டால் அழுத்தம் நில்லாது. அழுத்தம் நில்லாவிடில் நீர் விரைவிற் கொதிக்கும். இது வெப்ப தேசம் ஆயிற்றே என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவாரும் உளர். அதனால் இஞ்சின் உரிய சூட்டை அடையாமலே ஓடித் தேய்கிறதேயன்றி, அடைபட்ட ரேடியேட்டர் திறந்துவிடுவதில்லை. சூடு மிஞ்சினால் இஞ்சின் தலை வளைகிறது, கேஸ்கட் எரிகிறது, வண்டி வழியில் நிற்கிறது. கார்ப்பரேட்டரில் அழுக்கு அடைவதும், பேட்டரி செத்துப்போவதும், கிளச்சு தேய்வதும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இவற்றால் உடையவனுக்கு நஷ்டம். அன்றைய கூலி போயிற்று.

பின்னதைப் பார்ப்போம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உடையது. டாட் 3 என்னும் தரத்தைச் சேர்ந்த எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸுக்குக் கீழே கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறிய எண்ணெய்க்கோ 140 பாகையே விதித்த கீழெல்லை. எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். எண்ணெய் அழுத்தத்துக்கு அடங்காது, ஆவியோ அடங்கிவிடும். ஆகவே பெடலை மிதித்தால் கால் தரை வரை போகும், சக்கரம் நில்லாது. மேலும், பின் சக்கரத்துச் சிலிண்டரின் ரப்பர் வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசியும். வண்டியின் அடியிற் செல்லும் இரும்புக் குழாய் வெளியிலிருந்து துருப்பிடித்து, ஒரு நாள் அழுத்தி மிதிக்கும்போது வெடிக்கும். டயரில் கோடு இருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் பொறித்துள்ள நான்கு எண்களையும் நோக்க வேண்டும். 2319 என்றிருந்தால், 2019-ம் ஆண்டின் 23-ம் வாரத்தில் செய்தது என்று பொருள். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமையடையும். பால்மரத்தோடு பழகிய நம்மவர்க்கு இதைச் சொல்ல வேண்டுமா?

இன்னும் ஒன்று உண்டு. தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, அதன் கீழே புகைக்குழாயும் ஓட்டையாயின், கரியமில வாயுவினும் கொடிய கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின் ஆசனத்துப் பிள்ளை தூங்குகிறது என்றே நினைப்போம்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் வளைவுப் பாதை இவ்விரண்டையும் சோதித்துக் காட்டும். ஏறும்போது சோதனைக்கு உள்ளாவது இஞ்சின். அது தோற்றால் ஓரமாய் நிறுத்தி, மூடியைத் தொடாமல் சூடு ஆறும் வரை காத்திருக்கலாம். இறங்கும்போது சோதனைக்கு உள்ளாவது பிரேக். அது தோற்றால் காத்திருக்க இடமில்லை. எதிரே வருபவனுக்கும் இடமில்லை.

இவ்விரண்டில் நாம் எதை முதலில் செப்பனிடுகிறோம்? இஞ்சின் நின்றால் அன்றே பட்டறைக்கு ஓடுகிறோம். பிரேக் மிதிக்க மிதிக்க இறங்கினால், "இரண்டு தடவை மிதித்தால் பிடிக்கிறது" என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறோம். காரணம் வெள்ளிடை மலை. முன்னது நம் மடியைக் கடிக்கிறது. பின்னது இன்னும் யாரையும் கடிக்கவில்லை. கடிக்கும் நாளில் முதலிற் கடிபடுவது வழிப்போக்கனாகவோ, மற்றொருவர் பெற்ற பிள்ளையாகவோ இருக்கலாம். ஒருவன் தன் வண்டியைப் பழுது பார்க்கும் வரிசையைப் பார்த்தால், அவன் உள்ளத்தில் யார் யார் எவ்வரிசையில் வீற்றிருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

ஆயுத பூஜை வந்தால் வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். வண்டியைக் கழுவுவதில் தவறில்லை. உழைக்கும் கருவியைப் போற்றுவதிலும் தவறில்லை. ஆனால் அன்றைக்கே ஒருவன் அடியிற் குனிந்து பிரேக் குழாயைப் பார்த்தானா? எலுமிச்சம்பழச் சாறு குழாயின் துருவை மாற்றாது. விபத்து நேர்ந்தபின், "விதி" என்று நெற்றியைக் காட்டுவது அதனினும் பெருங் குற்றம். கசிந்த எண்ணெய்க்கும் தேய்ந்த வளையத்துக்கும் காரணம் உண்டு. காரணம் உள்ளதைக் கண்டு நீக்கலாம். நீக்கத்தக்கதை நீக்காமல் விட்டு அதற்கு விதி என்று பெயரிடுவது, செத்தவரையும் ஏமாற்றுவதாகும்.

சட்டம் இருக்கிறதே என்பர். 1994-ல் தோன்றிய புஸ்பாகோம் போன்ற பரிசோதனை நிலையங்கள் இருப்பது மெய். ஆனால் பரிசோதனை நாளுக்கென்று நல்ல டயரை இரவல் வாங்கிப் பூட்டி, மறுநாளே கழற்றிக் கொடுப்பவனைச் சட்டம் என்ன செய்யும்? துருப்பிடித்த தகட்டின்மேல் புட்டியும் சாயமும் பூசி விற்பவனும் அத்தகையவனே. வாங்குபவனும் தன்னைப் போல ஏழை என்பதை அவன் எண்ணுவதில்லை.

"பணம் எங்கே?" என்று கேட்போர்க்கு விடை கூறாமல் அறம் பேசுவது முறையன்று. வேன் ஓடாத நாளில் அடுப்பு எரியாத வீடுகள் உண்டென்பதை நாம் அறிவோம். ஆயினும் இரண்டு நஷ்டமும் ஒன்றல்ல. போன கூலியை அடுத்த வாரம் ஈட்டலாம். போன உயிரை ஈட்ட இயலாது. அன்றியும், இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை பிரேக் எண்ணெயை மாற்ற ஆகும் எண்ணெயின் விலை, ஒரு குடும்பம் ஒரு வேளை கடையில் உண்ணும் செலவினும் மிகையன்று. டயரின் எண்ணைப் படிக்கவும், சக்கரத்தின் உட்புறம் ஈரமாயிருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும் காசு வேண்டியதில்லை. புது ஒலிபெருக்கிக்கும் ஆசன உறைக்கும் பணம் கிடைத்த வீட்டில் இதற்கு இல்லை என்பது வறுமையன்று, வரிசை தவறியதே.

மெய்யாகவே பணம் இல்லையெனின், செய்யத்தக்கது ஒன்றுண்டு. பிரேக் செப்பமாகும் வரை பிறர் பிள்ளையை ஏற்றாதிருத்தல். அது கடினம் என்பதில் ஐயமில்லை. கடினமானதைச் செய்யும்போதுதான் பொறுப்பு என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாகிறது.

ஆகவே, அன்பர்களே, அடுத்த தடவை வேனைப் பட்டறைக்குக் கொண்டு செல்லும்போது பட்டறைக்காரரிடம் இவ்வாறு சொல்லுங்கள்: "மிதித்த இடத்தில் நிற்குமா என்று முதலில் பாருங்கள், ஓடுமா என்பதைப் பிறகு பார்ப்போம்."