இரண்டு பொரிப்புகளுக்கு நடுவே

பெல்ஜியத்தில் ஃப்ரீத் செய்ய உருளைக்கிழங்கை இரண்டு முறை பொரிக்கிறார்கள். விரல் தடிமனுக்கு வெட்டிய துண்டுகள் முதலில் 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் இறங்குகின்றன. உள்ளே வெந்துவிடும், நிறம் மட்டும் ஏறாது. அப்படியே வெளிறிய நிலையில் அள்ளிப் பரப்பி ஆறவிடுகிறார்கள். ஆள் வந்து கேட்ட பிறகே இரண்டாவது முறை: 180 டிகிரி, சில நிமிடங்கள்.

என் மனம் போய் நிற்பது இந்த இரண்டுக்கும் இடையில். கிழங்கு சும்மா கிடக்கும் அந்த நேரத்தில். பார்வைக்குத்தான் சும்மா. உள்ளிருக்கும் ஈரம் அப்போதுதான் மெல்ல வெளிப்பக்கம் வருகிறது. வெந்த மாவுச்சத்து ஆறி இறுகுகிறது. இரண்டாம் சூட்டில் ஈரம் ஆவியாகிப் போக, மேலே மொறுமொறுவென்று ஒரு தோல் பிடிக்கிறது. உள்ளே மாவு போல மென்மை. ஆறவிடாத கிழங்குக்கு இந்த இரண்டும் ஒருசேர வாய்ப்பதில்லை.

*

பிரஸ்ஸல்ஸ், பிளாஸ் ஜூர்தான் சதுக்கம். 1948 முதல் இங்கே பொரித்துத் தரும் மெஸான் அந்துவான் கடையின் முன் வரிசை. ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்கள் பக்கத்தில்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்குபவரும், சிமென்ட் படிந்த காலணிக்காரரும், பள்ளிப் பையோடு வந்த பிள்ளையும் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். 2016 பிப்ரவரியில், உச்சி மாநாட்டுப் பேச்சு இழுத்துக்கொண்டே போன ஒரு மாலையில், அப்போது ஜெர்மனியின் சான்சலராக இருந்த ஆங்கெலா மெர்க்கெல் நடுவில் எழுந்து வந்து இங்கேதான் ஃப்ரீத் வாங்கினார். பேச்சும் சற்று ஆற வேண்டியிருந்திருக்கும்.

கூம்பாகச் சுற்றிய காகிதத்தில் தருகிறார்கள். குத்தி எடுக்கச் சின்ன முள்கரண்டி. சதுக்கத்தைச் சுற்றியுள்ள மதுக்கூடங்கள் சில, பானம் மட்டும் வாங்கினால் போதும், பொட்டலத்தைக் கொண்டுவந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்கின்றன. அடுத்தவர் கடைச் சாப்பாட்டுக்குத் தன் மேசையைத் தரும் வழக்கம்! இந்த ஊரின் மேல் எனக்குப் பிரியம் வந்தது இதனால்தான்.

*

பொரிப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. எண்ணெயின் இரைச்சல் அடங்குவதைக் காதால் அறிந்து கூடையைத் தூக்குகிறார். முறுக்கு சுடுகிறவர்களுக்கும் இந்தக் காது உண்டு.

*

இங்கே பேர் பெற்ற கிழங்கு பிந்த்யே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் உருவாக்கிய ரகம். தன் மாணவி ஒருத்தியின் பெயரையே அதற்கு வைத்தார். விஞ்ஞானிகளும் மன்னர்களும் இருக்க, வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி அவர் நினைவுக்கு வந்திருக்கிறாள். அதை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

*

மியூஸ் நதி உறைந்த குளிர்காலத்தில், மீன் கிடைக்காத நமூர் நகரத்து ஏழைகள் கிழங்கை மீன் குஞ்சு வடிவில் நறுக்கிப் பொரித்தார்கள், ஃப்ரீத் பிறந்தது அப்படித்தான் என்று ஒரு கதை உண்டு. அழகான கதை. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் கொழுப்பு விலை கூடிய பொருள். ஒரு சட்டி நிறைய ஊற்றிப் பொரிக்க ஏழை எங்கே போவான் என்று வரலாற்றாசிரியர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கு நியாயமாகப் படுகிறது. பசியை நன்றாக அறிந்த கேள்வி அது.

*

டச்சு பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் உடன்பட முடியாமல், 2010 தேர்தலுக்குப் பிறகு இந்த நாடு 541 நாட்கள் முழு அரசு இல்லாமல் இருந்தது. 2011 பிப்ரவரியில் மாணவர்கள் தெருவுக்கு வந்து, ஃப்ரீத் கொடுத்துத் தங்கள் எதிர்ப்பைச் சொன்னார்கள். இரு மொழிக்காரர்களுக்கும் பொதுவாக அவர்கள் கண்டது இதைத்தான். பின்னர் 2014இல் டச்சு பேசும் பகுதியான ஃப்ளாண்டர்ஸ் தெருவோர ஃப்ரீத் கடைப் பண்பாட்டைத் தன் மரபுச் செல்வமாக அறிவித்தது. நாட்டின் மற்ற மொழிச் சமூகங்களும் அடுத்த சில ஆண்டுகளில் அதையே செய்தன.

*

பழைய முறையில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். அந்த மணமும் அடர்ந்த ருசியும் அதனால்தான். வேண்டாதவர்கள் வரிசையில் நிற்கும் முன்பே கேட்டுக்கொள்ளலாம். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன. தொட்டுக்கொள்ளத் தரும் மயோனைஸில் முட்டை உண்டு. அந்த மயோனைஸோடு தக்காளியும் குடமிளகாயும் சேர்ந்த ஆந்தலூஸ் சாஸைப் பலர் விரும்பிக் கேட்கிறார்கள். நான் முதல் நாலைந்து துண்டுகளை வெறும் உப்போடு தின்றுவிட்டுத்தான் சாஸைத் தொடுகிறேன்.