பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது?

பத்தாம் வகுப்புப் பிள்ளையின் மதிப்பெண் திடீரென்று சரிந்தால், வீட்டில் முதல் பழி செல்போன் மேல் விழுகிறது. அடுத்தது சேர்க்கை சரியில்லை என்பது. அம்மாவும் அப்பாவும் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதை யாரும் காரணமாகச் சொல்வதில்லை.

பெற்றோர் பிரிந்தால் படிப்பு கெடும் என்று ஊர் சொல்வதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. அமெரிக்காவில் பால் அமேட்டோவும் புரூஸ் கீத்தும் 92 ஆய்வுகளைத் தொகுத்து 1991-இல் எழுதினார்கள். விவாகரத்தான குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவது நிஜம்தான். ஆனால் வித்தியாசம் சிறியது. ஓயாமல் சண்டை நடக்கும் வீட்டில் இரு பெற்றோரோடும் வாழும் பிள்ளைகளின் நிலை அதைவிட மோசமாக இருந்தது. "பிள்ளைக்காகப் பொறுத்துப் போ" என்று புத்தி சொல்லும் பெரியவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கத்து அறையில் குரல் உயரும்போது பிள்ளையின் கண் புத்தகத்தில் இருக்கும், காது அங்கே இருக்கும்.

பிரிவுக்குப் பின் வரும் பெரிய அடி பணம். சாரா மெக்லனஹனும் கேரி சாண்டஃபரும் 1994-இல் வெளியிட்ட நூலில், ஒற்றைப் பெற்றோர் வீட்டுப் பிள்ளைகளின் பின்னடைவில் ஏறக்குறைய பாதிக்கு வருமானக் குறைவே காரணம் என்று காட்டினார்கள். நம் ஊரிலும் அதே கதைதான். அம்மா பிறந்த வீட்டுக்குப் போகிறார், டி.சி. வாங்கிப் புதுப் பள்ளி, டியூஷன் நிற்கிறது.

"ஃபீஸ் கட்டச் சொல்றாங்கம்மா" என்றால், "உங்கப்பாகிட்டக் கேளு" என்று பதில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் அப்பா, "மாசாமாசம் கொடுக்கிறேனே, அதுல கட்டச் சொல்லு" என்கிறார். திங்கட்கிழமை வகுப்பில் கட்டாதவர்கள் பெயரை வாசிக்கிறார்கள். எழுந்து நிற்பது பிள்ளை. சில மாதங்களில் அது வீட்டில் பணம் கேட்பதை நிறுத்திவிடும். வகுப்பில் சந்தேகம் கேட்பதையும் நிறுத்திவிடும். ஆசிரியர்களே, அந்தப் பெயரை எல்லார் முன்னும் வாசிக்காதீர்கள்.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, பிள்ளையின் பராமரிப்புக்கும் கல்விக்கும் நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்கு நடக்கும்போதே இதற்காக மனுப் போட்டால், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்று 2001-இல் திருத்தம் வந்தது. பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

பிரிவதென்று முடிவு செய்த பெற்றோரே, நீதிமன்ற மனுவில் நகைக்கும் சீர்வரிசைக்கும் வரி வரியாகக் கணக்கு எழுதுகிறீர்கள். அதே மனுவில் பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதுங்கள். பொதுத்தேர்வு முடியும்வரை வீடு மாற்றாதீர்கள். உங்களுக்குள் சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள். நீங்களே போனில் பேசிக்கொள்ளுங்கள்.